மருந்துக்கடையில் கைப்பேசி எண் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

தண்டையார்பேட்டை மகள் · ஞாயிறு, காலை 9.40

இந்தக் கேள்வி சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். மூன்று மாதங்களாக மனத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் கேட்டுவிடுகிறேன்.

என் அம்மாவுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவருக்கான மாத்திரைகளை எங்கள் தெருமுனையில் இருந்த சிறிய மருந்துக்கடையில்தான் மாதாமாதம் வாங்கி வந்தோம். கடைக்காரர் சீட்டைப் பார்ப்பார், அட்டைகளை எடுத்து வைப்பார், பழுப்பு உறையின் மேல் காலை, இரவு என்று பேனாவால் எழுதித் தருவார், அத்துடன் வேலை முடிந்துவிடும். சென்ற ஆண்டு அவர் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டதால், பல கிளைகள் உடைய ஒரு பெரிய மருந்துக்கடைக்கு மாறினோம். அங்கே சீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே கைப்பேசி எண்ணைக் கேட்கிறார்கள். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்க, பத்து இலக்கங்களையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது மாதம் எண்ணைச் சொன்னவுடனேயே அம்மாவின் பெயர், வாங்கிய மாத்திரைகள், தேதி எல்லாம் திரையில் வந்து நின்றன. வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதத்திலிருந்து அழைப்புகள் தொடங்கின. முதலில் சர்க்கரை நோயாளிகளுக்கான சத்து மாவு, பிறகு பாத நரம்புப் பரிசோதனை முகாம், அதன் பிறகு 'வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தாலும் தருகிறோம்' என்று ஒரு மருத்துவக் காப்பீடு. அந்தக் கடைதான் என் எண்ணை வெளியே கொடுத்தது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் என் கைப்பேசியில் சர்க்கரை என்ற சொல்லை நான் தேடியதுகூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்க எங்களுக்கு மருத்துவர் இருக்கிறார்.

சென்ற வாரம் எண் தர முடியாது என்றேன். எண் போடாமல் பில் வராது என்றார் பில் போடும் பெண். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் எனக்கே கூச்சமாகிக் கொடுத்துவிட்டேன். உண்மையிலேயே எண் இல்லாமல் பில் வராதா? சட்டம் ஏதும் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணை மருந்தாளுநர் · ஞாயிறு, காலை 11.15

சகோதரி, பில் வரும். இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் கிளைகள் உடைய ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்தமாகச் சிறு கடை வைத்திருக்கிறேன் என்பதால் இரண்டு பக்கமும் தெரியும்.

சட்டம் எங்களிடம் கேட்பது வேறு. சில வகை ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள், தூக்க மாத்திரைகள் போன்றவை 'எச் 1' என்ற அட்டவணையில் வருகின்றன. 2014 மார்ச் முதல் இவற்றை விற்கும்போது சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் நோயாளியின் கைப்பேசி எண்ணுக்கென்று ஒரு பத்தியே கிடையாது. சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலானோர் விழுங்கும் மெட்ஃபார்மின் அந்த அட்டவணையிலேயே இல்லை.

பிறகு ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு நாளும் இரவு கிளை மேலாளருக்கு ஓர் அறிக்கை போகும். இன்று போட்ட பில்கள் எத்தனை, அவற்றில் எண்ணுடன் போட்டவை எத்தனை, புதிய எண்கள் எத்தனை என்று அதில் இருக்கும். எண் இல்லாத பில்கள் கூடினால் பில் போட்ட பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆகவே 'எண் போடாமல் பில் வராது' என்று அந்தப் பெண் சொன்னது உங்களை ஏமாற்றுவதற்காக இருக்காது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம் அது. அவரிடம் கோபப்பட வேண்டாம்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண் வாங்குவதில் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மருந்தின் குறிப்பிட்ட தொகுப்பைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்தால், வாங்கியவரைக் கூப்பிட்டுச் சொல்ல எண் உதவும். என் கடையில் பதினைந்து இருபது முதியவர்களின் எண்கள் இருக்கின்றன; மாத்திரை தீரும் தேதியில் நானே கூப்பிடுவேன். ஆனால் அவை ஒரு நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டு மேசை இழுப்பறையை விட்டு எங்கும் போனதில்லை.

பெரம்பூர் ஓய்வூதியர் · ஞாயிறு, மாலை 4.05

எனக்கு இதில் உள்ள ஆபத்து புரியவில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது வரிசை வீடுகளில். ஒரே சுவர், ஒரே குழாய், ஒரே கழிப்பறை. யார் வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் எந்த நகையை எப்போது அடகு வைத்தார், யாருடைய மகள் யாருடன் பேசினாள் என்பதெல்லாம் மொத்தத் தெருவுக்கும் தெரியும். அப்படி வாழ்ந்த நமக்குத் திடீரென்று அந்தரங்கம் பறிபோகிறது என்ற கவலை எங்கிருந்து வந்தது? ஒரு கம்பெனிக்கு என் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரை தெரிந்தால் அது என்ன செய்துவிடப் போகிறது?

மேலும், எண் சொன்னால் அந்தக் கடையில் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி. எங்கள் இருவருக்கும் மாதம் 2,400 ரூபாய்க்கு மருந்து. 240 ரூபாய் மிச்சமாவது ஓய்வூதியம் வாங்குகிறவனுக்குச் சிறிய தொகை அல்ல. அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டுவிடலாம்.

மணலி நிரலாளர் · ஞாயிறு, இரவு 10.50

ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் வெறுமனே பயமுறுத்துகிறவர்களால்தான் இந்த விஷயத்தை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நான் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளும் வாடிக்கையாளர் பட்டியலைப் பராமரிக்கும் மென்பொருளும் எழுதும் வேலையில் இருக்கிறேன். ஆகவே நான் குற்றம் சாட்டப் போவதில் என் பங்கும் உண்டு.

தெருவுக்கு உங்களைத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெருவைத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் அடகு நகையைப் பற்றிப் பேசினால், அவர் வாங்கிய கைமாற்றைப் பற்றிப் பேச உங்களாலும் முடியும். அந்தச் சமநிலைதான் எல்லோருடைய வாயையும் ஓரளவுக்குக் கட்டிப்போட்டிருந்தது. தெருவுக்கு மறதியும் உண்டு. நிறுவனத்துக்கு உங்களைப் பற்றித் தெரியும், அதைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அது எதையும் மறப்பதும் இல்லை.

அடுத்து, கைப்பேசி எண்ணையே ஏன் கேட்கிறார்கள் என்பது. பெயரைக் கேட்டால் இந்த ஊரில் ஒரே பெயரில் பத்தாயிரம் பேர் இருப்பார்கள். முகவரி மாறும், எழுத்துப்பிழை வரும். கைப்பேசி எண் அப்படியல்ல. மருந்துக்கடை, துணிக்கடை, உணவுச் செயலி, ஆட்டோச் செயலி, வங்கி, பிள்ளையின் பள்ளி, எல்லாவற்றிலும் நீங்கள் கொடுத்திருப்பது அதே பத்து இலக்கங்கள். பத்து ஆண்டுகளாக மாற்றியும் இருக்க மாட்டீர்கள். ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் தகவல் உதிரிப் பூ மாதிரி. தனியாக அதற்கு மதிப்பு குறைவு. எண்தான் அவற்றைக் கோக்கும் நார். துணிக்கடைப் பட்டியலையும் மருந்துக்கடைப் பட்டியலையும் யாரோ ஒருவர் அடுத்தடுத்து வைத்து, எண் பொருந்தும் வரிகளை இணைக்கும்படி கணினியிடம் சொன்னால், அதற்கு எழுத வேண்டிய கட்டளை இரண்டே வரிகள்.

இந்த இணைப்பு திருட்டுத்தனமாகத்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் எண்களின் பட்டியலை மெட்டா, கூகுள் ஆகியவற்றின் விளம்பரத் தளத்தில் ஏற்றி, 'இவர்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டு' என்று கேட்க அந்தத் தளங்களே வசதி செய்து கொடுத்திருக்கின்றன. எண்களை அப்படியே அனுப்புவதில்லை, ஒருவழிக் கணக்கீட்டால் உருத்தெரியாத எழுத்துச்சரமாக மாற்றித்தான் அனுப்புகிறோம் என்று சமாதானம் சொல்வார்கள். நம் நாட்டுக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். ஆகவே மொத்தம் 400 கோடி எண்கள்தான் இருக்க முடியும். அத்தனைக்கும் அதே கணக்கீட்டைச் செய்து வைத்துக்கொண்டு, எந்தச் சரம் எந்த எண்ணுக்கு உரியது என்று திருப்பிப் பார்க்க ஒரு நல்ல கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். உடல்நலம் சார்ந்த விளம்பரங்களுக்கு அந்தத் தளங்களில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் 'ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் இந்தக் கிளைக்கு வருகிறவர்கள்' என்ற பட்டியலுக்கு நோயின் பெயர் எதற்கு?

பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்ற வாதத்தையும் நம்ப வேண்டாம். 2006-இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஆராய்ச்சிக்காக என்று சொல்லி, ஏறத்தாழ ஆறரை லட்சம் பயனர்களின் 2 கோடித் தேடல்களைப் பெயர்களை நீக்கி வெறும் எண்களாக வெளியிட்டது. சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள், அந்தத் தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அவர் தேடியவற்றில் ஊர்ப் பெயரும், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களும், தன் நோய்களும், நாயும் இருந்தன.

உங்கள் மனைவியின் மாத்திரை தெரிந்தால் கம்பெனி என்ன செய்துவிடும் என்று கேட்டீர்கள். இன்று ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். நாளை காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, கடன் கேட்கும்போது, உங்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு கணிப்பு எங்கோ எழுதப்பட்டிருக்கும். அது தவறாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்பதால் மறுக்கவும் முடியாது.

காசிமேட்டுக்காரன் · திங்கள், காலை 6.20

அழைப்பு வந்தால் எடுக்காமல் விடலாம் என்று பெரியவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. என் மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தடைக்காலத்தின் நடுவில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு கடன் செயலியில் 8,000 ரூபாய் கேட்டார். கழிவெல்லாம் போகக் கைக்கு வந்தது 5,200. ஏழே நாளில் 8,000 கட்ட வேண்டும். செயலியை நிறுவும்போது தொடர்புப் பட்டியல், புகைப்படங்கள், இருப்பிடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டிருக்கிறது, அவரும் கொடுத்திருக்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாதாம். எட்டாம் நாள் காலையில் அவருடைய புகைப்படத்தின் மேல் 'திருடன்' என்று எழுதி, அவர் கைப்பேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். படகு உரிமையாளர், மீன் ஏலம் விடுகிறவர், பிள்ளையின் வகுப்பு ஆசிரியை, நான், என் மனைவி, யாருக்கும் மிச்சமில்லை. மனிதர் நான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதற்கு மேல் எழுத விருப்பம் இல்லை.

கல்மண்டபத்துப் பக்கம் அடகுக்கடை வைத்திருக்கும் சேட்டும் வட்டி வாங்குகிறார். அவரை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் இருப்பது நம் மோதிரம் மட்டும்தான். நம் சொந்தக்காரர்களின் எண்கள் அவரிடம் இல்லை.

நான் கேட்பது இதைத்தான். மச்சான் அனுமதி கொடுத்தார், சரி. என் எண்ணும் அந்தப் பட்டியலில் இருந்ததே, என்னிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

வியாசை வாசகன் · திங்கள், காலை 8.02

ரேஷன் கடையில் விரல் வைப்பதையும், காவல் துறைக் கேமராக்களையும் யாரும் பேசவில்லையே? அரசாங்கத்திடம் இல்லாத தகவலா?

மட்டுறுத்துநர் · திங்கள், காலை 8.30

அது பெரிய விஷயம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே நிறுவனங்கள் திரட்டும் தகவலைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஜார்ஜ் டவுன் வழக்குரைஞர் · திங்கள், இரவு 9.10

சட்டத்தைப் பற்றிக் கேட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றோ, ஒன்றுமே இல்லை என்றோ சொல்ல இயலாத நிலை இது.

ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோருவதற்கு வழிவிட்ட 57-ஆம் பிரிவின் பகுதி நீக்கப்பட்டது. நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வர 2023 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் சிறப்பு, சில இடங்களில் உதாரணம் சொல்லி விளக்குவது. ஒரு பெண் தொலைமருத்துவச் செயலி ஒன்றை நிறுவுகிறார். செயலி அவருடைய தொடர்புப் பட்டியலுக்கும் அனுமதி கேட்கிறது, அவரும் சம்மதிக்கிறார். மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவர் சம்மதித்திருந்தாலும் அந்தச் சம்மதம் மருத்துவச் சேவைக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே செல்லும் என்கிறது 6-ஆம் பிரிவு. காசிமேட்டுத் தோழர் இதைக் கவனிக்க வேண்டும். தண்டையார்பேட்டைச் சகோதரிக்கு இன்னும் பொருத்தமானது 7-ஆம் பிரிவு. அதிலுள்ள உதாரணமே மருந்துக்கடைதான். மருந்து வாங்கும் ஒருவர், பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் குறுஞ்செய்தியாக அனுப்பும்படி தானே விரும்பி எண்ணைக் கொடுத்தால், அந்தக் கடை அதை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். சத்து மாவு விற்பதற்கு அந்த விளக்கத்தில் இடமே இல்லை. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். ஆகவே தமிழில் கேட்கும் உரிமையும் உண்டு.

இனி குறைகள். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. சம்மதம், அறிவிப்பு, தகவலை அழித்தல் போன்ற முக்கியமான கடமைகள், அறிவிக்கப்பட்டபடி அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்று செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் கசிந்ததால் அவமானப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வராது. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. அதையும் நீக்க இந்தச் சட்டத்திலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். புகார் பொய்யானது என்றால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். சாமானியனைப் புகார் கொடுக்கவிடாமல் தயங்க வைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இன்றைக்குக் கையில் இருக்கும் ஆயுதம் பழையதுதான்: நுகர்வோர் சட்டம். பில் போட எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் சட்டம் ஆகாது. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்தின் அனுமதியின்றி வேறொருவருக்கு வெளியிடுவது முறையற்ற வணிக நடைமுறை என்று வெளிப்படையாகவே இருக்கிறது. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடும் கேட்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. மெய்ப்பிப்பதுதான் கடினம், கடைதான் கொடுத்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? அதனால் எண்ணைக் கொடுத்த பிறகு வழக்காடுவதைவிட, கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று வழக்காடிப் பிழைக்கும் நானே சொல்கிறேன்.

தோழர், உங்கள் மச்சான் விஷயத்தில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தீர்களா? டிஜிட்டல் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றையும் கணக்குத் தொடங்கும்போது ஒரு முறை மட்டுமே, அதுவும் சம்மதத்துடன், பயன்படுத்தலாம்.

காசிமேட்டுக்காரன் · செவ்வாய், காலை 5.55

புகார் செய்தோம். அந்தச் செயலி பிளே ஸ்டோரில் இல்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து இறக்கியிருக்கிறார். ரிசர்வ் வங்கியின் விதி அதற்கு எங்கே எட்டும்?

மிண்ட் செல் சர்வீஸ் · செவ்வாய், பிற்பகல் 2.30

வழக்குரைஞர் அளவுக்கு எனக்கு எழுத வராது. தங்கசாலையில் கைப்பேசி பழுது நீக்கும் கடை வைத்திருப்பதால் நாள்தோறும் பார்ப்பதை எழுதுகிறேன்.

திரை உடைந்து வரும் கைப்பேசிகளில் பாதிக்கு மேல், டார்ச் விளக்குச் செயலிக்கும் ராசிபலன் செயலிக்கும் தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதி திறந்தே கிடக்கிறது. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அமைப்புகளைத் திறந்து, தனியுரிமை என்ற பகுதியில் அனுமதி மேலாளரைக் காட்டுவேன். அங்கே செயலி செயலியாகப் பார்ப்பதைவிட, 'தொடர்புகள்' என்பதைத் தொட்டு, அதை எந்தெந்தச் செயலிகள் பார்க்கின்றன என்று பார்ப்பதுதான் எளிது. பெரும்பாலும் இரண்டு மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவிடலாம், எதுவும் நிற்காது. இருப்பிடத்துக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைத்தாலே ஆட்டோவும் சாப்பாடும் வந்து சேரும்.

ஆண்ட்ராய்டில் அதே தனியுரிமைப் பகுதியில் 'விளம்பரங்கள்' என்று ஒன்று இருக்கும். சில கைப்பேசிகளில் அது கூகுள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அங்கே விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம். நாம் எந்தச் செயலியைத் திறந்தாலும் அதே ஆள்தான் என்று விளம்பர நிறுவனங்கள் கண்டுபிடிக்க உதவும் எண் அது. ஐபோனில் 2021 ஏப்ரலுக்குப் பிறகு ஒவ்வொரு செயலியும் பின்தொடரட்டுமா என்று கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று அழுத்திவிட்டால் போதும். ஆனால் மணலித் தம்பி சொன்னதுதான் உண்மை. இதையெல்லாம் செய்துவிட்டு, செயலிக்குள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நுழைந்தால், வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாகச் சாவியைக் கொடுத்த கதைதான்.

அழைக்கிறவர் பெயரைக் காட்டும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பின் தெரியாதவர் அழைத்தால் பெயர் எப்படி வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. வேறு யாரோ தன் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டதால் சேர்ந்த பெயர்களும் அதில் உண்டு. ஒருமுறை என் கடைக்கு வந்த ஒருவருடைய எண் 'பணம் தராத கார்த்தி' என்று தெரிந்தது. பாவம், யாரோ ஒருவர் அவரை அப்படிச் சேமித்து வைத்திருந்திருக்கிறார்.

கடைகளுக்கென்று இரண்டாவது சிம் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். அவ்வப்போது அதற்கும் ரீசார்ஜ் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் எண் போய்விடும். சில மாதங்களில் அதே எண் வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் ரசீதுகள் அவருக்குப் போகும். வேண்டாத வேலை.

ராயபுரம் ஆசிரியை · செவ்வாய், இரவு 8.45

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாளில் என் மாணவிகளின் வீடுகளுக்கு வந்த அழைப்புகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிள்ளையின் பெயர், பிரிவு, சில சமயம் மதிப்பெண் வரை சொல்லிக் கல்லூரியில் சேரச் சொன்னார்கள். ஒரு மாணவியின் தாய், தன் மகளின் மதிப்பெண்ணைத் தனக்கு முன்பே ஓர் அந்நியர் சொன்னதாக அழுதார். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதத்துடன்தான் கையாள வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்று புதிய சட்டத்தில் இருப்பதாகப் படித்தேன். கல்விக் கண்காட்சிக் கூடாரத்தில் பேனா பரிசளித்து எண் வாங்குகிறவர்களை அது எப்போது எட்டும்? அடுத்த ஆண்டு முதல் அந்தப் படிவத்தில் எதை எழுத வேண்டாம் என்று வகுப்பில் ஒரு பாடவேளை பேசப் போகிறேன்.

பெரம்பூர் ஓய்வூதியர் · புதன், காலை 7.15

காசிமேட்டுத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு நான் எழுதியது எனக்கே உறுத்தியது. 'எடுக்காமல் விட்டுவிடலாம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். தெருவைப் பற்றி மணலித் தம்பி சொன்னதையும் ஏற்கிறேன். எங்கள் வரிசையில் ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசினால் குழாயடியில் நிறுத்திக் கேட்போம். ஆனால் அந்த 240 ரூபாய் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வண்ணை மருந்தாளுநர் · புதன், காலை 10.40

ஐயா, அந்தத் தள்ளுபடி எண்ணுக்கான விலை அல்ல, அந்த வட்டாரத்தில் போட்டி இருப்பதால் கொடுப்பது. எண் சொல்லாமலே தள்ளுபடி கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். கொடுக்க மறுத்தால் என் கடைக்கு வாருங்கள், எட்டு தருகிறேன். பத்து எனக்குக் கட்டுப்படியாகாது.

விளம்பரக் குறுஞ்செய்திகளால் தொல்லைப்படுகிறவர்களுக்கும் ஒரு தகவல். இப்போது அனுப்புகிறவர் பெயரின் முடிவில் ஒரு கோடு போட்டு ஆங்கில 'பி' எழுத்து இருந்தால் அது விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, 'ஜி' அரசு. விளம்பரம் வேண்டாம் என்று 1909-இல் பதிந்துகொள்ளலாம். மீறி வந்தால் 7 நாட்களுக்குள் அதே எண்ணில் புகார் செய்யலாம்.

தண்டையார்பேட்டை மகள் · சனி, மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். இந்த இழையை முந்தின இரவே அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

எண்ணைக் கேட்டார்கள். எண் இல்லை, காகித பில் போதும், தள்ளுபடியும் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வாக்குவாதத்துக்குத் தயாராக நின்ற எனக்கு ஏமாற்றம்தான். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒன்பதை வரிசையாகப் பத்து முறை அழுத்தினார். பில் வந்தது. தள்ளுபடியும் வந்தது, பெரம்பூர் ஐயா கவனிக்கவும். முன்பே பதிந்திருக்கும் எங்கள் எண்ணையும் மருந்து விவரங்களையும் அழிக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை கேட்டேன். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அதையும் அனுப்பிவிட்டேன், பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

வெளியே வந்து பில்லைப் பார்த்தபோதுதான் கவனித்தோம். அடியில், 'உங்கள் கணக்கில் சேர்ந்துள்ள புள்ளிகள்: 41,260' என்று அச்சாகியிருந்தது. எண் தர மாட்டேன் என்று இதற்கு முன்பு அந்தக் கடையில் சொன்ன எல்லோருடைய புள்ளிகளும் அந்தப் பத்து ஒன்பதுகளின் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. அம்மா உள்ளே திரும்பிப் போய், அந்தப் புள்ளிகளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் கிடைக்குமா என்று கேட்டார். அதற்கு அந்த எண்ணுக்கு ஓடிபி வருமாம்.